குழந்தை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது சாமி கும்பிட முடியவில்லை, இது தவறா?

கேள்வி: 5 மார்ச் 2024, இரவு 11.40

என் மகளுக்கு ஆறு வயது. நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரக நோய் என்று சொல்லிச் சேர்த்து இன்றோடு எட்டு நாள். மாத்திரை ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியும் யூரினில் ஆல்புமின் என்ற புரதம் உச்ச அளவான நாலு ப்ளஸ்ஸிலேயே நிற்கிறது. வீட்டில் எல்லாரும் விளக்கேற்று, நேர்ந்துகொள், நம்பிக்கை வை என்கிறார்கள். கண்ணை மூடினால் எனக்கு ரிப்போர்ட்தான் தெரிகிறது. ஒரு ஸ்லோகம்கூட முழுதாக வரவில்லை. என் நம்பிக்கைக் குறைவால் இவளுக்குக் குணமாகாமல் போய்விடுமா? இதே நோயைப் பார்த்த பெற்றோர் யாராவது சொல்லுங்கள்.

6 மார்ச் 2024, காலை 5.50

இல்லை. நீங்கள் கும்பிடாததால் எதுவும் கெட்டுப்போகாது. சிறுநீரகத்தில் சல்லடை மாதிரி இருக்கிற பகுதி, ரத்தத்தில் தங்க வேண்டிய ஆல்புமினைப் பிடித்துவைக்க முடியாமல் வெளியே விடுகிறது. உங்கள் மனசைப் பார்த்து அது ஒழுகவில்லை. இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதை எழுதுகிறேன். ஏழு வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியோடு நானும் வார்டில் ஒரு இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

என் மகனுக்கு 2017 மாசியில், ஐந்து வயதில் வந்தது. காலையில் எழுந்தால் கண் இரண்டும் வீங்கி இடுங்கியிருக்கும், சாயங்காலம் வடிந்துவிடும். பூச்சி கடித்தது என்றோம். ஊரில் ஒரு டாக்டர் அலர்ஜி என்று பத்து நாள் மருந்து கொடுத்தார். அரைஞாண் கயிறு இடுப்பில் பதிந்து கோடு விழுந்திருந்ததை அத்தைதான் குளிப்பாட்டும்போது பார்த்தார். திருச்சியில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது எடை 21 கிலோ. அதில் நாலு கிலோ வெறும் நீர் என்று அப்புறம்தான் தெரிந்தது.

பத்தொன்பது நாள் இருந்தோம். முதல் வாரம் நான் ஒரு சாமியையும் கூப்பிடவில்லை, ஒன்றும் நேர்ந்துகொள்ளவில்லை. வாய் வரவில்லை, அவ்வளவுதான். அவன் குணமானான். அதனால் கும்பிடாதே என்று சொல்ல வரவில்லை. கும்பிட முடியாத நாளையும் குழந்தைகள் தாண்டி வந்துவிடுகிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

6 மார்ச் 2024, மதியம் 2.15

ஸ்டீராய்டு என்ற சொல்லுக்குப் பயந்து மாத்திரையை விட்டுவிடாதீர்கள். இந்த நோய் வருகிற பிள்ளைகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ப்ரெட்னிசோலோன் என்ற அந்த ஸ்டீராய்டு மாத்திரை கேட்கும். ஒரு வாரத்தில் கேட்காததால் கேட்கவே கேட்காது என்று அர்த்தம் இல்லை, பலருக்கு இரண்டாவது வாரத்தில்தான் இறங்க ஆரம்பிக்கிறது. எங்களுக்கு ஆறு வாரம் தினமும், அப்புறம் ஆறு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று கொடுத்தார்கள். முகம் உருண்டுவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி இட்லி கேட்பாள். சிடுசிடுப்பாள். மாத்திரை குறையக் குறைய அதெல்லாம் போய்விடும். யாராவது பொடியோ கஷாயமோ தூக்கிக்கொண்டு வந்தால், அவர் எவ்வளவு வேண்டியவரானாலும் டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

7 மார்ச் 2024, இரவு 10.30

ஊசியைப் பற்றி எழுதாமல் நம்பிக்கையைப் பற்றி என்னால் எழுத முடியாது.

வீங்கிய கையில் நரம்பு கிடைக்காது. வென்ஃப்ளான், அதாவது மருந்து ஏற்ற நரம்பில் செருகியிருக்கிற குழாய், அடைத்துக்கொண்டது, மாற்ற வேண்டும் என்று சிஸ்டர் ட்ரேயோடு வந்தால் வார்டில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அமைதியாகிவிடுவார்கள், நம்மிடம் வரக் கூடாதே என்று. ஒருவர் காலைப் பிடிக்க, ஒருவர் முழங்கையைப் பிடிக்க, தோளை நான் அமுக்கிப் பிடிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் வராந்தாவுக்குப் போய்விடுவார். அவரால் பார்க்க முடியாது. லேத் பட்டறையில் விரல் நசுங்கியபோதுகூட அவர் சத்தம் போட்டதில்லை.

ஒருநாள் நாலாவது குத்தில்தான் நரம்பு கிடைத்தது. அதற்குள் என் மகன் "அம்மா, விடச் சொல்லும்மா, விடச் சொல்லும்மா" என்று என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தான். அவனை அமுக்கிப் பிடித்திருந்ததே நான்தான். அது அவனுக்குத் தெரியாமல் இல்லை, என் கையைக் கடிக்கவும் செய்தான். முடிந்ததும் வேறு யாரிடமும் போகவில்லை. கடித்த வாயோடு என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு என்னிடமே என்னைப் பற்றிக் குறை சொன்னான்: "நீ ஏன் பிடிச்சே?"

அன்று ராத்திரி முழுக்க அந்த "ஏன் பிடிச்சே" காதில் இருந்தது. சாமியிடம் நான் கேட்க நினைத்ததும் கிட்டத்தட்ட அதே வார்த்தைதான்.

8 மார்ச் 2024, காலை 6.10

நேற்றைய குறிப்பின் தொடர்ச்சி. மறுநாள் அப்பா வந்தார். அப்பா ஸ்ரீரங்கத்துக்காரர், என்னைக் கட்டிக்கொடுத்தது சமயபுரம் பக்கம். தைப்பூசத்தன்று ரங்கநாதர் கோயிலிலிருந்து கொள்ளிடக் கரைக்குச் சமயபுரத்தாளுக்குச் சீர் வரும், அண்ணன் தங்கைக்கு அனுப்புகிற சீர். அதைச் சொல்லி "அண்ணன் வீட்டுப் பெண்ணைத் தங்கச்சி ஊருக்கு அனுப்பியிருக்கேன்" என்பார்.

ஊசிக் கதையைச் சொல்லி அழுதேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. குலசேகர ஆழ்வார் விற்றுவக்கோட்டுப் பெருமாளைப் பாடிய பத்துப் பாட்டில் ஒன்றைச் சொன்னார். "வாளால் அறுத்துச் சுடினும் மருத்துவன்பால் மாளாத காதல் நோயாளன்போல்" என்று வரும். கத்தியால் அறுத்தாலும் சூடு போட்டாலும் வைத்தியர் மேல் அன்பு குறையாத நோயாளி மாதிரி நான் உன்னையே பார்த்திருப்பேன் என்பது பொருள். அதே பத்தின் முதல் பாட்டில், பெற்றவள் கோபத்தில் தள்ளிவிட்டாலும் அவள் அருளையே நினைத்து அழுகிற குழந்தை வருகிறது.

சின்ன வயதிலிருந்து கேட்ட பாட்டு. கேட்டபோதெல்லாம் நான் அந்தக் குழந்தையின் இடத்தில்தான் இருந்தேன். தாயின் இடத்தில் நின்று அதைக் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. பிடித்து அமுக்குகிற கைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்கு முந்தின நாள்தான் தெரிந்திருந்தது. மேலே இருக்கிறவளும் இப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பிடித்திருக்கிறாளோ என்று தோன்றியதும் ஒரு வாரத்தில் முதல் முறையாக அழுகை நின்றது.

9 மார்ச் 2024, இரவு 9.20

மறுத்து எழுதியவருக்கு. "உங்களுக்கு ஊசி எதற்கு என்று தெரியும். கடவுள் எதற்கென்று யாருக்குச் சொன்னார்? தாய் குழந்தையைப் பிடிக்கிறாள், நோயைக் கொடுப்பதில்லையே" என்று கேட்டிருக்கிறீர்கள்.

காலையில் ஒரு பதில் எழுதினேன், அழித்துவிட்டேன். நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பாட்டு எனக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது. அதை வைத்து இன்னொருவருக்குக் கணக்குச் சொல்ல முடியாது. மருத்துவனின் கத்தி வெட்டுவது குணமாக்கத்தான். குணமாகாத குழந்தைகள் இருக்கிறார்கள், அவர்கள் முன்னால் போய் இந்தப் பாட்டைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. பக்கத்துப் படுக்கையில் ஒருத்தி இருந்தாள். அவளைப் பற்றி எழுத வேண்டும், இன்றைக்கு முடியவில்லை.

10 மார்ச் 2024, மாலை 4.00

இன்று சமயபுரத்தில் பூச்சொரிதல், அம்மனுக்குப் பூக் கொட்டுகிற திருவிழா. காலையிலிருந்து எங்கள் தெரு வழியாகப் பூக்கூடைகள் போய்க்கொண்டிருக்கின்றன.

2017-இல் இதே பூச்சொரிதல் எங்களுக்கு ஆஸ்பத்திரியில் ஐந்தாவது நாள். அன்று சாயங்காலம் அவனுக்கு 103 டிகிரி காய்ச்சல், வயிறு கல்லாகிவிட்டது. தொட்டால் அலறினான். ஆல்புமினோடு சேர்ந்து நோயை எதிர்க்கிற புரதமும் போய்விடுவதால் வயிற்றில் தேங்கிய நீரில் கிருமி சேர்ந்துவிடும் என்று டியூட்டி டாக்டர் சொன்னார். ஊசி போட்டு அந்த நீரை எடுத்துப் பார்த்தார்கள், அதேதான். ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்தார்கள். ஜன்னலுக்குக் கீழே திருச்சி முழுக்கப் பூ வண்டிகள், மேளம், விளக்குத் தோரணம். சத்தத்தில் அவன் தூக்கி வாரிப் போட்டு எழுந்தான். நான் ஜன்னலைச் சாத்தினேன். அவளுடைய திருவிழா அன்றைக்கே அவள் பக்கம் இருந்த ஜன்னலைச் சாத்துகிறோமே என்று இருந்தது. ஆனாலும் கொண்டியைப் போட்டேன்.

வார்டில் ஆயாம்மா ஒருவர் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு வந்து பார்த்தார். காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "விரதமா?" என்றார். இல்லை, இறங்கவில்லை என்றேன். அப்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இன்னிலேருந்து அவ பட்டினி. ஊர்ப் பிள்ளைங்களுக்காகத்தான் கெடக்கா. அவ கெடக்கும்போது நீ எதுக்குத் தனியா கெடக்கே? தின்னு." தூக்குவாளியிலிருந்து ரசம் சாதம் எடுத்து வைத்தார். தின்றேன்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எல்லா ஊரிலும் பக்தர்கள் அம்மனுக்காக விரதம் இருப்பார்கள். சமயபுரத்தில் அம்மனே பக்தர்களுக்காக விரதம் இருக்கிறாள், பச்சைப் பட்டினி விரதம். அந்த நாட்களில் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, பானகம், நீர்மோர், இளநீர் இவைதான். பங்குனி முழுக்க அப்படி.

இதை என் மகனிடம் மறுநாள் சொன்னேன். அவனுக்கு உப்பில்லாச் சாப்பாடு, நானும் அவனோடு அதையே சாப்பிட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அம்மனுக்கும் மூஞ்சி வீங்கியிருக்கா?" என்று கேட்டான். காய்ச்சல் இறங்கியதற்கு அந்தக் கேள்விதான் எனக்கு முதல் அடையாளம்.

11 மார்ச் 2024, காலை 7.05

திருத்தம். "பங்குனி முழுக்க" என்று எழுதியது சரியில்லை. மாசி கடைசி ஞாயிறு தொடங்கி பங்குனி கடைசி ஞாயிறு வரை, 28 நாள். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. அத்தையும் காலையில் அதையே சொன்னார்.

13 மார்ச் 2024, இரவு 11.15

பக்கத்துப் படுக்கை. நான் அக்கா என்று கூப்பிட்டேன், அவர் என்னைத் தங்கச்சி என்றார். மணப்பாறைப் பக்கம். அவர் மகளுக்கும் ஆறு வயது, அதே நோய், அதே மாத்திரை. எங்களுக்கு முன்பே வந்து நாலு வாரம் முடியப்போகிறது, யூரின் இறங்கவில்லை.

விடியற்காலை எனக்கு விழிப்பு வரும்போது அக்கா தொழுதுகொண்டிருப்பார், இரண்டு படுக்கைக்கு நடுவில் இருக்கிற ஒரு ஆள் அகலத்தில். ஒரு டம்ளர் தண்ணீரில் ஓதி ஊதி மகளுக்கு ஒரு வாய் கொடுப்பார். காய்ச்சல் அடித்த இரவுக்கு மறுநாள், என் மகனுக்கும் ஒரு வாய் கொடுக்கலாமா என்று கேட்டார். ஆனால் தண்ணீருக்கு எங்களுக்கு அளவு உண்டு. நாளைக்கு இவ்வளவு மில்லி, உள்ளே போவது, வெளியே வருவது எல்லாம் சார்ட்டில் ஏற வேண்டும். சிஸ்டரிடம் கேட்டேன். அவர் கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருப்பார். டம்ளரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மருந்து கொடுக்கிற சிரிஞ்சை எடுத்து வந்து பத்து மில்லி அளந்து கொடுத்தார். சார்ட்டில் "தண்ணீர் 10 மில்லி, காலை 6.20" என்று எழுதினார்.

இந்த இழையில் நேற்று சிலர் நம்பிக்கையா, மருத்துவமா என்று சண்டை போட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்தச் சண்டை புரியவில்லை. நான் பார்த்த நம்பிக்கை சார்ட்டுக்குள் அடங்குகிற மாதிரி இருந்தது.

அப்புறம் என் மகனுக்கு யூரின் இறங்கியது. ஒன்பதாம் நாள் மாத்திரையில் என்று நினைவு. அத்தை வார்டிலேயே கையெடுத்துக் கும்பிட்டு "சாமி காப்பாத்திட்டா" என்று சத்தமாகச் சொன்னார். அக்கா மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார், "அல்ஹம்துலில்லாஹ் தங்கச்சி" என்றார். பின்னல் பாதியில் இருந்தது.

அந்தக் குழந்தைக்கு மாத்திரை கேட்கவே இல்லை. பயாப்சி எடுத்து, வேறு மருந்துகள் கொடுத்து, சென்னைக்குப் போய் வந்து, இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. எங்கள் இருவரில் யார் அதிகம் வேண்டியது என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் ஜன்னலைச் சாத்தியவள். அவர் ஐந்து வேளையும் விடாதவர்.

அன்றிலிருந்து "சாமி காப்பாத்திட்டா" என்ற வார்த்தையை நான் வாய்விட்டுச் சொல்வதில்லை. மனசுக்குள் நன்றி இருக்கிறது, நிறைய இருக்கிறது. அதை யார் காதில் விழச் சொல்கிறோம் என்று பார்க்கிறேன்.

14 மார்ச் 2024, காலை 8.30

என் வீட்டுக்காரர் இதையெல்லாம் படித்துவிட்டு, முதல் குறிப்பில் ஒன்று தவறு என்கிறார். நான் எதுவும் நேர்ந்துகொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறேன். சேர்த்த அன்றைக்கு ராத்திரியே மஞ்சள் துணி இல்லை என்று அவருடைய வெள்ளைக் கைக்குட்டையைக் கேண்டீன் மஞ்சள்தூளில் நனைத்துக் கொண்டுவரச் சொன்னேனாம். ஒற்றை ரூபாயை முடிந்து தலையணைக்கு அடியில் வைத்தேனாம்.

எனக்கு அது சுத்தமாக நினைவில்லை. பீரோவில் தேடினோம். கைக்குட்டை இருக்கிறது. பழுத்துப்போய், முடிச்சோடு.

ஆகவே கேள்வி கேட்டவருக்கு ஒரு திருத்தம். நான் கும்பிடவில்லை என்று சொன்னது பொய்யல்ல, எனக்கு அப்படித்தான் இருந்தது. ஆனால் கை தன் பாட்டுக்கு எதையோ செய்திருக்கிறது. நீங்கள் முதல் நாளிலிருந்து என்னென்ன செய்தீர்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுப் பாருங்கள்.

17 மார்ச் 2024, மதியம் 3.40

நேர்த்திக்கடன் பற்றிக் கேட்டவருக்கு. மொட்டை போட்டு மாவிளக்கு வைத்தோம், ஆனால் ஒன்றரை வருடம் கழித்து. தினசரி மாத்திரை ஓடும்போது கூட்டத்துக்குள் கொண்டுபோகாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அத்தைக்குத் தெய்வக்குத்தம் ஆகிவிடுமோ என்று பயம். எனக்கும் இல்லாமல் இல்லை.

அந்தப் பயம் 2018-இல் நேராகவே வந்தது. இரண்டாவது முறை நோய் திரும்பி, தினசரி மாத்திரையில் இருந்தான். எதிர் வீட்டுப் பையனுக்கு அம்மை வார்த்துவிட்டது. முந்தின நாள்தான் இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து விளையாடியிருந்தார்கள். எங்கள் பக்கம் சின்னம்மைக்கு மருந்து கொடுக்க மாட்டார்கள். ஆத்தா வந்திருக்கிறாள், வேப்பிலை போதும், மாத்திரை கொடுத்தால் அவளை விரட்டுவது மாதிரி. ஆனால் ஸ்டீராய்டில் இருக்கிற குழந்தைக்குச் சின்னம்மை உயிருக்கே ஆபத்தாகலாம். டிஸ்சார்ஜ் அட்டையிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள்: அம்மை வந்த பிள்ளையோடு பழகினால் பொரி வரும்வரை காத்திருக்காமல் உடனே கொண்டுவரவும்.

மொட்டை பாக்கி இருப்பதால் ஆத்தா தானே தேடி வருகிறாள் என்றார் அத்தை. இரவு எட்டு மணி. நான் பையை எடுத்துவிட்டேன். அத்தை வாசலில் நின்றார். அவர் கெட்டவர் இல்லை, என் மகனை என்னைவிட அதிகம் தூக்கியவர். நான் சொன்னேன், "அத்தே, அவ அம்மா. பிள்ளையை டாக்டர்கிட்டே தூக்கிட்டுப் போனா எந்த அம்மாவுக்குக் கோபம் வரும்?" அவர் வழியை விட்டார். விட்டதோடு இல்லை, வேப்பிலைக் கொத்து ஒன்றை என் பையில் செருகிவிட்டு, தானும் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.

தடுப்பு மருந்து கொடுத்தார்கள். பொரி வரவில்லை. இந்த நோய் உள்ள வீட்டுக்காரர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது மனசில் வைத்துக்கொள்ளுங்கள், சின்னம்மையை நாள் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். எந்தத் தடுப்பூசியை எப்போது போடலாம் என்பதையும் டாக்டரிடமே கேளுங்கள், மாத்திரை அதிகமாக ஓடும்போது சில ஊசிகள் போடக் கூடாது.

19 மார்ச் 2024, காலை 6.00

ஒருவர் 950-ஆம் குறளைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர் என்று மருந்துக்கு நான்கு கூறு சொன்ன வள்ளுவர் தெய்வத்துக்கு இடம் வைக்கவில்லையே என்கிறார்.

உண்மைதான், இல்லை. ஆனால் அந்த நான்காவது ஆளைப் பாருங்கள், உழைச்செல்வான். அது நீங்கள்தான். கூடவே ஆயாம்மா, சிரிஞ்சில் பத்து மில்லி அளந்த சிஸ்டர், செருப்பைப் போட்டுக்கொண்டு வந்த அத்தை. எனக்கு வந்து சேர்ந்ததெல்லாம் அந்தக் கூறு வழியாகத்தான் வந்தது. அவர்களை யார் அனுப்பினார்கள் என்று நான் நினைக்கிறேன் என்பது என்னோடு இருக்கட்டும். உங்களுக்கு அப்படித் தோன்ற வேண்டியதில்லை.

சாப்பிடுங்கள். தூங்குவதற்கு ஆள் மாற்றிக்கொள்ளுங்கள்.

22 மார்ச் 2024, இரவு 8.45

கேள்வி கேட்ட தங்கைக்கு. மூன்று நாளாக யூரினில் ஆல்புமின் “நில்”, அதாவது துளியும் இல்லை, என்று நீங்கள் எழுதியிருந்ததைப் பட்டறையிலிருந்து இவர்தான் போனில் படித்துச் சொன்னார். சமையலறையில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது: காலையில் முதல் யூரினில் ஸ்ட்ரிப் வைத்துப் பாருங்கள். மஞ்சளாகவே இருந்தால் நல்லது, பச்சை ஏற ஏற ஆல்புமின் கூடுகிறது என்று கணக்கு. ஒரு நோட்டுப் போட்டுத் தேதி, எடை, ஸ்ட்ரிப், மாத்திரை எல்லாம் எழுதுங்கள். மூன்று நாள் தொடர்ந்து மூன்று ப்ளஸ் வந்தால் திரும்பியிருக்கிறது, டாக்டரைப் பாருங்கள். அதற்கு முன்பே காய்ச்சலோ வயிற்று வலியோ வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். பாதிப் பிள்ளைகளுக்கு மேல் இது ஒரு தடவையாவது திரும்பும். திரும்பினால் நீங்கள் ஏதோ தப்புச் செய்ததாக நினைக்காதீர்கள். என் மகனுக்கு நான்கு முறை திரும்பியது. கடைசியாக 2021-இல்.

நோட்டு என்றதும் என்னுடையதை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் இறங்கியது என்று எழுதியிருந்தேன் அல்லவா, நோட்டில் பதின்மூன்றாம் நாள் என்று இருக்கிறது. நாலு நாளை மனசு முழுங்கிவிட்டிருக்கிறது. அந்த நாலு நாள் பக்கத்திலும் நாலு ப்ளஸ், மூன்று ப்ளஸ், நாலு ப்ளஸ், மூன்று ப்ளஸ். ஓரத்தில் என் கையெழுத்தில் "அக்கா கஞ்சி கொடுத்தார்" என்று மட்டும் இருக்கிறது.

7 ஏப்ரல் 2024, இரவு 10.10

இன்றோடு 28 நாள் முடிந்தது. அத்தையும் மகனும் கோயிலுக்குப் போய்வந்தார்கள். அவனுக்கு இப்போது பன்னிரண்டு வயது, மாத்திரை இல்லாமல் மூன்றாவது வருடம் ஓடுகிறது. கூட்டத்தில் பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு போனது அவன்தானாம்.

நோன்பு திறந்தபிறகு மணப்பாறை அக்கா போன் செய்தார். வருடத்துக்கு நாலைந்து முறை பேசுவோம். முதலில் எப்போதும் போல, "தம்பிக்கு ஸ்ட்ரிப் பாத்தியா?" என்று கேட்டார். பார்த்தேன், மஞ்சள்தான் என்றேன். அவர் மகளுக்குப் பதிமூன்று வயது. வகுப்புத் தோழிகள் எல்லாரும் நோன்பு வைக்கிறார்கள், நானும் வைப்பேன் என்று முதல் நாளிலிருந்து அழுகையாம். மருந்து நேரம் தவறக் கூடாது, தண்ணீர் இல்லாமல் இருக்கக் கூடாது, வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மார்க்கத்திலும் நோயாளிக்குச் சலுகை உண்டு என்று பள்ளிவாசலில் விசாரித்தும் சொல்லியிருக்கிறார். அவள் கேட்கவில்லை.

"அப்புறம் என்ன சொன்னீங்க அக்கா?" என்றேன்.

"நான் வைக்கிற நோன்புலேயே உனக்கும் துஆ கேக்குறேன், நீ நேரத்துக்கு மாத்திரையப் போடுன்னேன். இப்ப சஹருக்கு எனக்கு முன்னாடி அவ எந்திரிச்சு ஒக்காந்துக்குறா தங்கச்சி. நான் ஒழுங்காச் சாப்பிடுறேனான்னு பாக்குறா."